கை எழுத மறுக்கும் பிள்ளைகள்! பத்தாம் வகுப்பில் சலுகை உண்டு. ஒன்றாம் வகுப்பில் சிகிச்சை எங்கே?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து, புது நோட்டுக்குப் போட்ட அட்டை கசங்குவதற்குள் புகார் வந்துவிடும். "உங்க பையன் நோட்டை எடுத்துப் பாருங்க, கோழி கிளறின மாதிரி இருக்கு." அம்பத்தூர் ஆனாலும் சரி, ஆவடி, பூந்தமல்லி ஆனாலும் சரி, வாசகம் இதுதான்.

அப்புறம் நடப்பதும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். வீட்டில் இரண்டு அடி. பள்ளியில் நூறு தடவை இம்போசிஷன். அதற்கும் மசியாவிட்டால் டியூஷன். டியூஷனும் பலிக்காவிட்டால், "பதினைந்தே நாளில் முத்து முத்தான கையெழுத்து" என்று போர்டு மாட்டிய கிளாஸ்.

இதில் ஒரு சங்கதியை யாரும் கவனிப்பதில்லை. சோம்பலால் கோணலாக எழுதும் பிள்ளை உண்டு. பழக்கம் இல்லாததால் கோணலாக எழுதும் பிள்ளை உண்டு. நன்றாக எழுத வேண்டும் என்று ஆசை இருந்தும், கை சொன்னபடி கேட்காத பிள்ளையும் உண்டு. மூன்று பேருக்கும் பிரம்புதான் மருந்து என்றால் எப்படி?

மூன்றாவது ரகப் பிள்ளைக்கு வைத்தியம் இருக்கிறது. அதற்கு ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். அவனுக்காக ஒரு சட்டமே இருக்கிறது. ஆனால் வைத்தியமும் சட்டமும் மேற்குப் புறநகர்ப் பிள்ளையின் பென்சில் வரை வந்து சேரவில்லை என்பதுதான் விஷயம்.

பென்சிலுக்குப் பின்னால்

எழுதுவது விரல் வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். விரல் கடைசி ஆள்தான். முதலில் முதுகு நிமிர்ந்து நிற்க வேண்டும். தோள் ஆடாமல் இருக்க வேண்டும். மணிக்கட்டு லேசாக மேல் நோக்கி வளைய வேண்டும். அதற்குப் பிறகுதான் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பென்சிலை உருட்டும். கண் கோட்டைப் பார்த்து, இங்கே நிறுத்து, இங்கே திரும்பு என்று கைக்குத் தகவல் சொல்ல வேண்டும். இதில் எங்கே ஒரு கண்ணி விட்டுப் போனாலும் எழுத்து கோணும்.

சின்னக் குழந்தை பென்சிலை முழு முஷ்டியில் பிடிக்கும். அது தப்பில்லை. மூன்று விரலுக்கு அது தானாக வந்து சேர நாலரை வயது, ஆறு வயது கூட ஆகும். 3 வயதில் வட்டம் போட வரும். 4 வயதில் கூட்டல் குறி. 5 வயதில் முக்கோணம். முக்கோணமே போட வராத கைக்கு எல்.கே.ஜி.யில் 'அ' எழுதக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த எழுத்தில்தான் எத்தனை வளைவு!

தமிழ்ப் பிள்ளைக்குச் சுமை கொஞ்சம் கூடுதல் என்றே சொல்ல வேண்டும். எழுத்து 247. ரெண்டு சுழி 'ன', மூணு சுழி 'ண'. 'கு' ஒரு மாதிரி வளையும், 'சு' வேறு மாதிரி இறங்கும், 'து' இன்னொரு மாதிரி. 'கொ' என்று டீச்சர் சொல்லும்போது காதில் முதலில் விழுவது 'க்'. ஆனால் கை முதலில் கொம்பு போட்டு, பிறகு 'க' எழுதி, பிறகு கால் போட வேண்டும். காது ஒரு பக்கம், கை ஒரு பக்கம். இதோடு ஆங்கிலத்தில் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26. அதற்கு நாலு கோடு நோட்டு, தமிழுக்கு ரெட்டைக் கோடு நோட்டு. ஆறு வயதுக்குள் இத்தனையும்.

எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது 1978-ல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றுக்கொண்டது. 'லை', 'ணை' எழுத்துகளில் இருந்த யானைத் தும்பிக்கை போயிற்று. சின்னக் கைகளுக்கு அது பெரிய உபகாரம். அந்தக் கோணத்தில் அதை யாரும் பேசுவதில்லை.

உடம்பில் வேறு குறை ஏதும் இல்லாமல், கை கால் அசைவு மட்டும் வயதுக்கு ஏற்றபடி ஒழுங்குக்கு வராத குழந்தைகள் 100-க்கு 5, 6 பேர் என்கிறது அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் கையேடு. 40 பேர் உள்ள வகுப்பில் குறைந்தது 2 பேர். கடைசி பெஞ்சில் தேடினால் கிடைப்பார்கள்.

எது சோம்பல், எது கோளாறு?

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தன. 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, சிலேட்டுப் பிடிக்க வேண்டிய காலத்தில் செல்போன் பிடித்தது. அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப்போவது 2030-ல். இவர்களில் பெரும்பாலோருக்குத் தேவை பழக்கம்தான். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை அரசு 2022-ல் கொண்டுவந்ததே அதற்குத்தான்.

ஆனால் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்து இரண்டு மாதம் தினமும் எழுத வைத்த பிறகும் அசையாத பிள்ளை இருந்தால், அது பழக்கக் குறைவு இல்லை.

அதைக் கண்டுபிடிக்க டாக்டர் வேண்டாம், அம்மாவே போதும். வாயால் கேட்டால் பதில் டக்கென்று வரும், எழுதச் சொன்னால் பாதியில் நிற்கும். பென்சில் முனை அடிக்கடி ஒடியும். நோட்டைத் திருப்பினால் பின்பக்கம் தடவிப் பார்க்கிற அளவுக்கு அச்சு விழுந்திருக்கும். பத்து வரி எழுதுவதற்குள் "கை வலிக்குதும்மா" என்பான். சட்டைப் பட்டன் போட, ஷூ லேஸ் கட்ட, டிபன் பாக்ஸ் திறக்கவும் அவனுக்குத் தடுமாற்றம்தான். இதில் ஒன்று மட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. மூன்று, நான்கு சேர்ந்து இருந்தால் பார்த்துவிடுவது நல்லது.

அதற்கும் முன்னால் கண்ணைப் பரிசோதித்துவிட வேண்டும். போர்டே சரியாகத் தெரியாத பிள்ளையை எழுதவில்லை என்று அடித்தவர்களும் இருக்கிறார்கள். இடது கைக்காரப் பிள்ளையை வலது கைக்கு மாற்றும் வேலையும் கூடாது. நோட்டைச் சற்றே சாய்த்து வைத்துக் கொடுத்தால் அவன் பாட்டுக்கு எழுதுவான். "பீச்சாங்கையில எழுதாதே" என்று கையைத் தட்டிவிடும் பாட்டிமார்கள் இன்னமும் உண்டு.

பேர்தான் குழப்பம்

ஆக்குபேஷனல் தெரபி என்றதும், ஆக்குபேஷன் என்றால் உத்தியோகம் ஆயிற்றே, ஏழு வயதுப் பையனுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்பவர்கள் உண்டு. எழுதுவது, சாப்பிடுவது, சட்டை போடுவது, விளையாடுவது. இதுதான் அவன் உத்தியோகம். அதைத் தானே செய்துகொள்ளக் கற்றுத் தருவதுதான் இந்தச் சிகிச்சை. பிசியோதெரபிஸ்ட் கைக்குப் பலம் வர வைப்பார். இவர்கள் அந்தக் கையை வேலைக்குப் பழக்குவார்கள். இந்தியாவில் இதற்கான முதல் பள்ளியை 1950-ல் பம்பாய் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர் என்ற அம்மையார்.

உள்ளே போய்ப் பார்த்தால் புது வித்தை ஒன்றும் இருக்காது. தட்டில் மணல் பரப்பி விரலால் எழுதச் சொல்கிறார்கள். களிமண் பிசைய வைக்கிறார்கள். சுவரில் மாட்டிய போர்டில் நின்றுகொண்டு எழுதச் சொல்கிறார்கள். நீள பென்சிலை வாங்கிக்கொண்டு துண்டு பென்சிலைக் கொடுக்கிறார்கள். துண்டு பென்சிலை முஷ்டியில் பிடிக்க முடியாது, மூன்று விரல் தானாக வந்து சேரும். கால் தரையில் படும்படி பெஞ்சைச் சரிசெய்கிறார்கள். நோட்டுக்குக் கீழே தடியான பைலைச் சாய்த்து வைக்கிறார்கள்.

மணலில் எழுதியது நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடம் இல்லையா? விஜயதசமிக்கு அரிசியில் விரல் பிடித்து எழுத வைப்பதும் அதுதானே? பல்லாங்குழியில் சோழி அள்ளியது, பம்பரத்துக்குச் சாட்டை சுற்றியது, கோலி அடித்தது, பட்டாணி உரித்தது எல்லாமே விரலுக்குப் பயிற்சிதான். செல்போன் கண்ணாடியைத் தேய்ப்பதில் அந்தப் பலம் வராது.

ஒரு எச்சரிக்கை. பந்து உருட்டு, ஊஞ்சல் ஆடு என்று மாதக்கணக்கில் விளையாட்டு மட்டும் காட்டி அனுப்பும் இடங்களில் கையெழுத்து திருந்தாது. இது பற்றி நடந்த ஆராய்ச்சிகளை ஒன்றாகத் திரட்டி 2011-ல் கனடா நாட்டு ஆக்குபேஷனல் தெரபி சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது. பயிற்சிக்குள் எழுதும் வேலையே இருக்க வேண்டும், குறைந்தது 20 தடவையாவது நடக்க வேண்டும், அப்போதுதான் பலன் தெரிகிறது என்று அதில் கண்டார்கள். பதினைந்தே நாள் என்று சொல்பவர்களின் கணக்கும் இங்கே உதைக்கிறது.

சட்டம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. எழுத வராத பிள்ளைக்கு அதில் இடமில்லை. 2016-ல் வந்த புதுச் சட்டம் அதை 21 ஆக்கியது. கற்றல் குறைபாடு உள்ளே வந்தது. எழுத்துச் சிக்கலான டிஸ்கிராஃபியா, அசைவுச் சிக்கலான டிஸ்பிராக்ஸியா இரண்டையும் சட்டம் பேர் சொல்லியே குறிப்பிடுகிறது. இப்படிப்பட்ட குறைகளைப் பிள்ளைகளிடம் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து, வேண்டியதைச் செய்ய வேண்டும் என்று பள்ளிகளுக்கு 16-வது பிரிவு சொல்கிறது.

சரி, நடப்பது என்ன?

நடப்பதெல்லாம் பத்தாம் வகுப்பில்தான் நடக்கிறது. கற்றல் குறைபாடு என்று சர்டிபிகேட் வாங்கிய மாணவருக்குத் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். சொல்லச் சொல்ல எழுத ஆள் கிடைக்கும். ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு கிடைக்கும். இது சும்மா வந்துவிடவில்லை. 1991-ல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகளும் பெற்றோர்களும் வருடக்கணக்கில் பேசிப் பேசி இந்த விஷயத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

சுப்ரீம் கோர்ட்டும் கை கொடுத்தது. ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு விண்ணப்பித்த ஒரு டாக்டருக்கு எழுதினாலே கை இழுத்துக்கொள்ளும் கோளாறு. 40 சதவீத ஊனம் இல்லை என்று சொல்லி எழுத ஆள் தர மறுத்தார்கள். 40 சதவீதம் என்ற கணக்கை இதற்குப் போடக் கூடாது என்று 2021 பிப்ரவரி 11-ந் தேதி கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 40 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கும் எழுத ஆள் தரும் விதிமுறையை மத்திய அரசு 2022 ஆகஸ்டில் வெளியிட்டது.

எல்லாம் நல்லதுதான். ஆனால் சலுகை வேறு, சிகிச்சை வேறு. சலுகை என்பது எழுத வராத கையை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொரு கையை உட்கார வைப்பது. அந்தக் கை ஆறு வயதில் பழக்கியிருந்தால் தானே எழுதியிருக்குமோ என்னவோ? பத்தாம் வகுப்பில் அதைக் கேட்க நேரம் இருக்காது.

கோளாறு வெளியே தெரியாமல் போவதற்கும் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 8-ம் வகுப்பு வரை யாரையும் பெயில் போடுவதில்லை. அது பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தி வைத்த நல்ல ஏற்பாடு, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எழுத வராத பிள்ளை வகுப்பு வகுப்பாக நகர்ந்துகொண்டே போய், ஒன்பதில் முட்டி நிற்கிறது. மூன்று மணி நேரம் எழுத வேண்டிய பரீட்சையில் அந்தக் கை ஒன்றரை மணியில் ஓய்ந்துவிடுகிறது. பதில் தெரிந்தும் மார்க் போகிறது.

சர்டிபிகேட் விதியும் ஒரு காரணம். 2018-ல் மத்திய அரசு போட்ட விதிமுறைப்படி 8 வயதில்தான் கற்றல் குறைபாட்டுக்குச் சர்டிபிகேட். அதற்கு முன்னால் அவசரப்பட்டு முத்திரை குத்தக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால், எட்டு வயது வரை ஒன்றுமே செய்யத் தேவையில்லை என்று பள்ளிகள் எடுத்துக்கொள்வது நியாயமா? சலுகைக்குத்தான் சர்டிபிகேட் வேண்டும். கையைப் பழக்க சர்டிபிகேட் எதற்கு?

பக்கத்து ஊர், வேறு ஜில்லா

இனி அலைச்சல் கதை. அம்பத்தூரும் ஆவடியும் ஒரே ரயில் பாதையில், நடுவில் இரண்டே ஸ்டேஷன். ஆனால் அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் போய், 2018-ல் சென்னை மாவட்டத்தோடும் சேர்ந்துவிட்டது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது, மாவட்டம் திருவள்ளூரேதான். பூந்தமல்லியும் திருவள்ளூர்தான். அம்பத்தூர்ப் பிள்ளையின் சர்டிபிகேட்டுக்குக் கிழக்கே போகிற ரயில். ஆவடிப் பிள்ளைக்கு அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கம், மேற்கே போகிற ரயில். பூந்தமல்லிக்குப் புறநகர் ரயிலே கிடையாது. திருமழிசை வழியாக பஸ்ஸில்தான் திருவள்ளூர் போக வேண்டும்.

சிகிச்சைக்கு? அரசு இடம் என்றால் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், இல்லாவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனம். ஆவடியிலிருந்து முட்டுக்காடு என்றால் நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை. ஒரு தடவை போய் வரலாம். 20 தடவை?

இங்கே எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் அப்பாவுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம். லேத்தில் நின்று தலைமுடிக்கும் குறைவான கணக்கில் இரும்பைக் கடைகிற கை அது. அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் பென்சில் நிற்கவில்லை.

தனியார் இடத்துக்குப் போகலாம் என்றால், ஒரு தடவைக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 20 தடவைக்கு 10,000 ரூபாய். பணத்தைக் கொடுத்தாலும் எதிரே இருப்பவர் படித்தவர்தானா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பி.ஓ.டி. பட்டம் இருக்கிறதா என்று கேட்டால் தப்பில்லை. இந்தத் தொழிலை முறைப்படுத்த மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்ததே 2021-ல்தான். அதுவரை இதற்கு நாடு முழுவதற்கும் பொதுவான பதிவேடு கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் படிப்பைச் சொல்லித் தரும் கல்லூரி பூந்தமல்லியைத் தாண்டி, அதே பெங்களூர் ரோட்டில், தண்டலம் சவீதாவில் இருக்கிறது. காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்.மிலும் உண்டு. படித்து வருகிறவர்களுக்குக் குறைவில்லை. வகுப்பறைப் பக்கம் அவர்களைக் கூட்டி வரும் வேலைதான் பாக்கி.

பூந்தமல்லிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி பல பத்தாண்டுகளாக அங்கே நடக்கிறது. பார்வையற்றோருக்கான மத்திய அரசு நிறுவனத்தின் கிளையும் அங்கேதான். கண் தெரியாத பிள்ளைக்கு விரலால் படிக்கவும் எழுதவும் சொல்லித் தந்த ஊர் அது. கண் தெரிந்தும் விரல் ஓடாத பிள்ளைக்கு அந்த ஊரில் வழிகாட்ட ஒரு போர்டு கூட இல்லை என்றால் விந்தைதானே! கண் குறை பார்த்ததும் தெரிகிறது. விரல் குறை திமிர் மாதிரி தெரிகிறது.

வள மையம் எதற்கு?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. சிறப்பாசிரியர்கள் பள்ளிகளுக்குப் போய் வருகிறார்கள், பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு. ஆனால் அங்கே முன்னுரிமை, நடக்க முடியாத, பேச முடியாத பிள்ளைகளுக்கு. அதுவும் நியாயமே. வகுப்பில் ஓடி ஆடித் திரியும் பையனை, எழுத்து மட்டும் சரியில்லை என்று யார் அங்கே அனுப்புவார்கள்? மெட்ரிக் பள்ளிப் பெற்றோர் பலருக்கு வள மையம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

உலக வங்கிக் கடனோடு 'உரிமைகள்' என்ற திட்டத்தைத் தமிழக அரசு நடத்துகிறது. கடனுக்கு ஒப்புதல் கிடைத்தது 2022-ல். 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்கள் வருகின்றன. பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி மூன்றும் ஒரே கூரையின் கீழ். வீட்டுப் பக்கம் வரும் வண்டியும் உண்டு. திட்டம் நல்ல திட்டம். இதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். அந்த மையத்து வாசலில் கோணல் எழுத்து நோட்டோடு ஒரு அம்மா வந்து நின்றால் உள்ளே கூப்பிடுவார்களா, அல்லது "இதுக்கெல்லாமா வந்தீங்க?" என்று திருப்பி அனுப்புவார்களா? கூப்பிட்டால், இந்தப் புறநகரில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மாதத்துக்கு இரண்டு நாள் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வட்டார வள மையத்தில் உட்கார்ந்து, ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாலே போதும். பெஞ்சு உயரம், பென்சில் நீளம், நோட்டுச் சாய்வு இதற்கெல்லாம் பெரிய பட்ஜெட் தேவையில்லை. அதிலும் தேறாத பிள்ளையை மட்டும் மேலே அனுப்பினால் ஆஸ்பத்திரியிலும் கூட்டம் குறையும்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது உண்டு. தலைமை ஆசிரியரிடம் வாயால் சொல்லிவிட்டு வராமல், பிள்ளையின் நோட்டில் இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து இணைத்து, 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 16-வது பிரிவைக் குறிப்பிட்டு, பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யும்படி மனு எழுதிக் கொடுக்கலாம். பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். 2013-ல் தொடங்கிய அந்தக் குழந்தைகள் நலத் திட்டத்தின் 30 குறைபாடுகள் பட்டியலில் கற்றல் கோளாறும் இருக்கிறது. அடித்தால் கேட்கவும் உரிமை உண்டு. பிள்ளையை உடம்பாலோ மனதாலோ வதைக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் தாமதிக்கக் கூடாது. தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பம் தலைமை ஆசிரியர் மூலமாகத்தான் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் பலிக்காது. அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பே சர்டிபிகேட் கையில் இருக்க வேண்டும்.